கால் ரத்தக்குழாய் அடைப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தருமபுரி ஜில்லாவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கால்வலி என்று வாய் திறந்தால், வைத்தியர் சொல்வதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் அதற்குக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரை நெடுங்காலம் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் நோவும் கண்டவர்கள் இங்கே அநேகர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்த உபாதையைத் தணிக்கும் நோக்கத்தோடு எழுந்ததுதான். ஆகவே எல்லாம் தண்ணீர் செய்த வேலை என்ற தீர்ப்பு இந்த மண்ணில் சுலபமாக நிலைத்துவிட்டது. அது முழுப் பொய்யன்று என்பதே அதன் அபாயம். தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சர்க்கரை வியாதியாலும் பீடியாலும் உள்ளுக்குள் அடைபட்டுவரும் ரத்தக்குழாயைக் கவனியாமல் இருந்துவிடுகிறோம்.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமான காரியமன்று. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கூடை சுமக்கும் ஒருவருக்கு, குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் கயிறு கட்டி முறுக்கியதுபோல் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று நிமிஷம் நின்றதும் வலி முற்றிலும் நீங்கி, மறுபடி ஏறக்குறைய அதே தூரம் நடந்ததும் அதே இடத்தில் பிடிக்குமானால், அது தசைக்குப் போதிய ரத்தம் வராததன் அடையாளம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஃபுளோரைடு தரும் எலும்பு நோவோ நடந்தாலும் நடக்காவிட்டாலும் இருந்துகொண்டேயிருக்கும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டவருக்கு நின்றால் மட்டும் போதாது, உட்கார்ந்தோ முன்னே குனிந்தோதான் வலி தணியும். கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்ததால் வகுத்து, விகிதம் 0.9க்குக் குறைந்தால் அடைப்பு உண்டு என்று வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருப்பதால், இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

விரல் கறுத்துவிட்டால் தொடையோடு காலை எடுப்பதைத் தவிர வேறு கதியில்லை என்ற நம்பிக்கை, எல்லாம் தண்ணீரின் வேலை என்ற எண்ணத்தைவிடக் கொடியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, போகவேண்டிய நாட்களையெல்லாம் வீட்டில் கழித்து, கடைசியில் எடுக்கவேண்டிய நிலைமையிலேயே போய்ச் சேருகிறவர்களை அது உண்டாக்குகிறது. ஆனால் வேறு கதி உண்டு. 1964ஆம் வருஷம் ஜனவரி 16ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், பாதம் அழுகத் தொடங்கியும் காலை எடுக்கச் சம்மதியாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைக் குழாயில், சார்லஸ் டாட்டர் என்னும் எக்ஸ்-ரே நிபுணர் கம்பியொன்றை நுழைத்து, அதன் மேல் படிப்படியாகப் பருத்த குழல்களைச் செலுத்திக் குறுகலை அகலப்படுத்தினார். சில நிமிஷங்களில் பாதம் சூடேறியது. இரண்டு வருஷத்துக்கு மேல், தம் மரணம் வரையில், அந்த அம்மாள் சொந்தக் காலில் நடமாடினார். பத்து வருஷம் கழித்து, ஜூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்பவர் குழலின் முனையில் பலூனைப் பொருத்தினார். இருதயத்துக்குச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டியை நாம் நன்கறிவோம். அது முதலில் காலில் பிறந்த உபாயம் என்பதைச் சிலரே அறிவர்.

இன்று காலில் இதைச் செய்யும்போது நோயாளி பெரும்பாலும் விழித்தே இருக்கிறார். தொடைச்சந்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே ஒரு சிறு துளையின் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, சாய மருந்து செலுத்தித் திரையில் அடைப்பைப் பார்த்து, கம்பி அதைக் கடந்ததும் அதன் மேல் பலூனைக் கொண்டுசென்று சில நிமிஷம் விரிக்கிறார்கள். மீண்டும் சுருங்கும் இடத்தில் ஸ்டென்ட் வைப்பதும் உண்டு. அந்தச் சாய மருந்து சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

ஒருமுறை திறந்த குழாய் என்றைக்கும் திறந்தே இருக்கும் என்பது தவறான எண்ணம். இடுப்புப் பகுதிக் குழாயில் பலன் பல வருஷம் நிலைக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள சன்னக் குழாய்களோ சில மாதங்களிலேயே மீண்டும் குறுகுவது சகஜம். அப்படியானால் எல்லாம் வீண்தானே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: புண் ஆறுவதற்கு வேண்டிய ரத்தத்தைக் காட்டிலும், ஆறிய தோலைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய ரத்தம் குறைவு. ஆகையால் குழாய் பின்னால் மறுபடி சுருங்கினாலும், திறந்திருந்த அந்த அவகாசத்தில் ஆறிய புண் பெரும்பாலும் ஆறியபடியே இருக்கிறது. இந்தச் சிகிச்சையின் பலனைப் படத்தில் தெரியும் குழாயைக் கொண்டு அளக்கக்கூடாது, பாதத்தைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிறு துளைச் சிகிச்சையே எப்போதும் மேலானது என்பவர்களும், கீறி, சிரையைக் கொண்டு ரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் பைபாஸ்தான் நிஜமான பரிகாரம் என்பவர்களும் பாதி உண்மையையே சொல்கிறார்கள். 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆராய்ச்சியில், பைபாஸுக்கு ஏற்ற நல்ல சிரை தம் காலிலேயே இருந்தவர்களுள், பெரிய மறு சிகிச்சையோ கால் இழப்போ மரணமோ நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம், துளைச் சிகிச்சைப் பிரிவில் 57.4 சதவீதம். மறு வருஷமே, முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ள 345 பேரை எடுத்துக்கொண்ட பிரிட்டனின் பேசில்-2 ஆராய்ச்சி எதிரான விடையைத் தந்தது: காலையோ உயிரையோ இழந்தவர்கள் பைபாஸில் 63 சதவீதம், துளைச் சிகிச்சையில் 53 சதவீதம். அடைப்பு எங்கே இருக்கிறது, சிரை எப்படியிருக்கிறது, இருதயம் அறுவையைத் தாங்குமா என்பதைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். இந்த எண்கள் எந்தப் பக்கத்திலும் சிறியவையல்ல என்பதையும் மறைக்கக்கூடாது; நோய் அவ்வளவு முற்றியபின் வந்தவர்களின் கணக்கு அது.

நடக்கும்போது மட்டும் வலி, புண் இல்லை என்பவர் உடனே பலூனுக்கு ஓடவேண்டியதில்லை. வலி வரும் வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பதை வாரம் மூன்று நாள், ஒரு வேளைக்கு அரைமணிக்குக் குறையாமல், மூன்று மாதம் ஒருவர் மேற்பார்வையில் செய்தால் நடக்கும் தூரம் நன்றாகக் கூடும். இடுப்புக் குழாய் அடைப்புள்ளவர்களைச் சோதித்த 2012ஆம் வருஷத்து ஆராய்ச்சியொன்றில், ஆறு மாத முடிவில் ஸ்டென்ட் வைத்தவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களே அதிக நேரம் நடந்தார்கள். பீடியை விடாதவருக்கு எந்தச் சிகிச்சையும் நிலைக்காது. வாலிபத்திலேயே விரல்களைத் தின்னும் பர்கர் நோய்க்குப் புகையிலையை அடியோடு விடுவதுதான் பிரதான மருந்து.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினந்தோறும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். மரத்த காலுக்குச் சூடான செங்கல் ஒத்தடமும் வெந்நீரும் வேண்டாம், வெந்தாலும் தெரியாது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணுக்கு மஞ்சளை அப்பிக்கொண்டு காத்திராமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, பொறுக்கமுடியாத வலி கண்டால் மட்டும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம்: ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை செத்துப்போகத் தொடங்கும், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.