தலைக்கும் உண்டு ஆஞ்சியோ

நம்பிக்கை: ஆஞ்சியோ என்றால் இதயத்துக்கு எடுப்பது.

உண்மை: மூளைக்கும் எடுப்பார்கள். 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. (அவருக்கு நோபல் பரிசு வாங்கித்தந்தது இந்த நல்ல காரியமல்ல, மனநோய்க்கு மூளை நரம்பிழைகளை வெட்டிய அறுவைச் சிகிச்சை!) மண்டையில் துளை போடுவதில்லை. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றி, அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள்.

நம்பிக்கை: சி.டி. ஸ்கேனிலேயே மூளை ரத்தக்கசிவு தெரிந்துவிட்டது. அப்புறம் ஆஞ்சியோ எதற்கு, பில்லை ஏற்றவா?

உண்மை: மூளையின் அடிப்பக்கம் நீர் தேங்கும் இடங்கள் சி.டி.யில் கறுப்பாகத் தெரிய வேண்டும். ரத்தம் கசிந்தால் அங்கே நட்சத்திரம்போல வெள்ளை படர்ந்திருக்கும். சரி, எந்தக் குழாய் கசிந்தது? அதை ஆஞ்சியோதான் சொல்லும். அடிபடாமல் தானாக இப்படிக் கசிந்தவர்களில் 100-க்குச் சுமார் 85 பேருக்குக் காரணம் அனூரிசம். தமனி கிளைபிரியும் இடத்தில் உண்டாகும் புடைப்பு. அது மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். கிளிப் போடுவதா, காயில் சுருளால் அடைப்பதா என்பதற்குப் புடைப்பின் கழுத்து எவ்வளவு அகலம் என்று பார்த்தாக வேண்டும்.

நம்பிக்கை: ஆஞ்சியோவில் ஒன்றுமில்லையாம், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

உண்மை: அவசரப்படக் கூடாத இடம் இதுதான். கையில் ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவில் 3 மி.மீ.-க்கும் சிறிய புடைப்பு தப்பிவிடலாம். குழாய் வழியாக எடுக்கும் டி.எஸ்.ஏ.விலும், புடைப்புக்குள் ரத்தம் உறைந்திருந்தாலோ தமனி சுருங்கியிருந்தாலோ மருந்து உள்ளே போகாது. படத்தில் எதுவும் விழாது. நடுமூளையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் ரத்தம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, திரும்பக் கசிவது அபூர்வம். ரத்தம் பரவலாக இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் மறுபடி ஆஞ்சியோ எடுப்பார்கள். “போன வாரம்தானே எடுத்தீர்கள்?” என்று சண்டைக்குப் போகாதீர்கள். தவிர, கசிந்த நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை தமனிகள் சுருங்கிப் பக்கவாதம் வரக்கூடும்.

நம்பிக்கை: தலைவலி வந்தால் எல்லோருமே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம்.

உண்மை: வேண்டாம். பெரியவர்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு வெடிக்காத புடைப்பு இருக்கும். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு இது வந்திருந்தால் மருத்துவரிடம் எம்.ஆர். ஆஞ்சியோ பற்றிக் கேளுங்கள்.