மூடியின் மதிப்பு

பேராக் ஆற்றின் குறுக்கே 1930ஆம் ஆண்டில் செண்டரோ அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கே பாயும் நீர் சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அது கம்பி வழியே இல்லங்களை அடைகிறது. ஆனால் தெமெங்கோர் ஏரியில் மிதக்கும் படகுவீட்டைக் கம்பி தொடர்வதில்லை. அங்கு மின்சாரத்தில் சமைப்பவர் நமக்கு நல்லாசிரியர்.

அவரிடம் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் ஒன்று உண்டெனக் கொள்வோம். அதன் கொள்ளளவு 1.2 யூனிட். மின்கலம் நீடித்து உழைக்கப் பாதியை, அஃதாவது 0.6 யூனிட்டை மட்டுமே செலவிடலாம்.

30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க 0.08 யூனிட் போதும். கொதித்த நீர் முழுவதையும் ஆவியாக்கவோ 0.6 யூனிட்டுக்கும் மேல் தேவை! திறந்த பானை மின்கலத்தையே குடித்துவிடும். தளதளவெனக் கொதித்தாலும் நீரின் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறாது.

ஆகவே, பருப்பை முன்னரே ஊறவைப்போம், பானையை மூடுவோம், கொதி வந்ததும் சூட்டைக் குறைப்போம். நாள் முழுதும் உழைத்து ஈட்டும் கூலியிலிருந்தன்றோ பெற்றோர் மின்கட்டணம் செலுத்துகின்றனர்! ஆவியாய்ப் போகும் காசு ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் உதவட்டும்.

பயிற்சி: பெரியோர் துணையுடன், ஒரே அளவு நீரை மூடியுடனும் மூடியின்றியும் கொதிக்கவைத்து நேரத்தைக் குறித்து வருக.