மூன்று மாதம் சாறு குடித்துப் பார்க்கலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் கட்டி இருப்பதைப் போன மாதம்தான் எங்களிடம் சொன்னார். பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கட்டி மூன்று சென்டிமீட்டர். அக்குளில் ஒரு நெறிகட்டி இருக்கிறது. வேறு எங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், அதற்குப் பிறகு கரன்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இங்கேதான் வீட்டில் பிரச்சினை. "கத்தி பட்டால் பரவிவிடும், கீமோ உடம்பையே அழித்துவிடும்" என்கிறார் என் மாமா. அவருக்குத் தெரிந்த ஒருவர் உணவு முறையாலேயே ஆறு வருடமாக நன்றாக இருக்கிறாராம். அரிசி, சர்க்கரை, பால், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம், காய்கறிச் சாறு, காபி எனிமா என்று மூன்று மாதம் இருந்து பார்ப்போம், கட்டி கரையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கீமோ எடுத்து நான்கே மாதத்தில் இறந்ததைப் பார்த்த அம்மாவும் அவர் பக்கம் சாய்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்த்துப் பேசவும் தெரியவில்லை. மூன்று மாதம் காத்திருப்பதில் தவறு உண்டா? சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும் என்பது உண்மையா? அம்மாவுக்கு நான் என்னதான் சமைத்துக் கொடுப்பது?

— வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால், குணப்படுத்தும் நோக்கத்தோடே சிகிச்சை தரக்கூடிய நிலையில் உங்கள் அம்மா இருக்கிறார். அந்த வாய்ப்பு எப்போதும் இப்படியே இருக்காது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால்கூட மரண அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மூன்று மாதத்தில் அக்குளில் இருக்கும் நோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டால், அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இன்று கிடைக்கும் அதே சிகிச்சை வாய்ப்பு கிடைக்காது. கரையாவிட்டால் போய்க்கொள்ளலாம் என்று மாமா சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்கள் அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதைப்பில்தான் சொல்கிறார். அதனால் அவர் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில், ஆறு வருடமாக நன்றாக இருக்கும் அந்த நண்பர். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: ஆபரேஷன் செய்துகொண்டாரா, இல்லையா? இப்படிப்பட்ட கதைகளை விசாரித்தால், பெரும்பாலும் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்திருப்பார்கள். அதற்குப் பிந்திய கீமோவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உணவு முறைக்குப் போயிருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தரும் கீமோ, கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கக்கூடிய செல்களை ஒழித்து, நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைப்பதற்கு. அது இல்லாமலே நோய் திரும்பாதவர்களும் உண்டு; அவர்களைக் காப்பாற்றியது அறுவை சிகிச்சை. பெயர் சாற்றுக்குப் போய்விடுகிறது. நோய் திரும்பி வந்தவர்களின் கதையோ நம் காதுக்கு வருவதில்லை.

தனி மனிதர்களின் கதையை விட்டுவிட்டு, கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவாத மார்பக, நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில், வழக்கமான சிகிச்சை எதையும் ஏற்காமல் மாற்று முறையை மட்டும் நம்பிய 281 பேரை, சிகிச்சை எடுத்துக்கொண்ட 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மாற்று முறைக்குப் போனவர்களின் மரண அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்தரை மடங்குக்கும் மேல். காரணம் எளிது: மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது. நன்றாகப் பலிக்கும் சிகிச்சையைக் கைவிடும்போது இழப்பும் பெரிதாக இருக்கிறது.

காபி எனிமாவும் உணவுக் கட்டுப்பாடும் நேருக்கு நேராகவே சோதிக்கப்பட்டிருக்கின்றன. நியூயார்க்கில் நிக்கோலஸ் கோன்சாலஸ் என்ற மருத்துவர் நொதி மாத்திரைகள், உணவு முறை, காபி எனிமா மூன்றையும் சேர்த்துக் கணையப் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 55 நோயாளிகளைக் கொண்டு இதைக் கீமோவோடு ஒப்பிட்டார்கள். எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள். கீமோ எடுத்தவர்களில் பாதிப் பேர் 14 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். உணவு முறைக்குப் போனவர்களில் பாதிப் பேர் 4.3 மாதங்களுக்குள் இறந்துபோனார்கள். அன்றாட வாழ்க்கையின் தரமும் கீமோ எடுத்தவர்களுக்கே மேலாக இருந்தது. காபி எனிமாவால் உடலின் உப்புச் சத்துகள் நிலைகுலைந்து உயிரிழப்பு நேர்ந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

முள்சீத்தா விஷயத்தில், அதன் சத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது உண்மை. தட்டில் கிடக்கும் செல்லை எத்தனையோ பொருள்கள் கொல்லும். உடம்புக்குள் போய், தேவையான அளவில் கட்டியைச் சென்றடைந்து, நல்ல செல்களை விட்டுவைக்கிறதா என்பதுதான் கேள்வி. மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை. முள்சீத்தாவை அதிகம் உட்கொள்ளும் குவாதலூப் தீவில், பார்க்கின்சன் நோயைப் போன்ற நரம்புப் பாதிப்போடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

"கீமோ என்பது கெமிக்கல், எங்களுடையது இயற்கை" என்று மாமா சொன்னால், நித்தியகல்யாணியைப் பற்றிச் சொல்லுங்கள். நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடப்பட்டு ஏற்றுமதியாகும் அதே செடி. பல நாடுகளில் மக்கள் அதை நீரிழிவுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950களில் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய்த்தான் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் குணமாகும் நோயாக மாறியதில் வின்கிரிஸ்டினுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அடிக்கடி தரப்படும் பாக்லிடாக்செல் என்ற மருந்தும் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டெடுக்கப்பட்டதே. ஆக, செடியிலிருந்து வருவதை மருத்துவம் ஒதுக்குவதில்லை. எவ்வளவு கொடுத்தால் நோய் அடங்கும், எவ்வளவுக்கு மேல் போனால் விஷம் என்பதை அளந்து பார்த்த பிறகே ஏற்கிறது. நித்தியகல்யாணி இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் அது விஷம்தான். யாரும் அதை முயலக் கூடாது.

அடுத்து, சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுத்துக்கொள்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அந்த அடிப்படையில்தான். ஆனால் சோற்றை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் இல்லாமல் போய்விடாது. மூளைக்கு அது இடைவிடாமல் தேவை என்பதால், சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துவிடும். அதற்குத் தசையின் புரதத்தையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் பட்டினி கிடப்பது அம்மாவின் தசைதான். இனிப்பு, குளிர்பானம் ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கீமோவோடு வாந்திக்காகவும் ஒவ்வாமைக்காகவும் தரும் ஸ்டீராய்டு சர்க்கரை அளவை ஏற்றும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் பழையது. நோய் முற்றிய பிறகே ஆபரேஷனுக்கு வந்து, பின்னர் இறந்தவர்களைப் பார்த்து ஏற்பட்ட பயம் அது. மார்பகப் புற்றுநோயில் கட்டியை முறையாக அகற்றுவதுதான் குணத்துக்கு அடிப்படை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் நோய் இருந்தது என்பது நமக்குத் தெரியாது. அவருடைய முடிவு உங்கள் அம்மாவின் முடிவாக வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான், ஏனென்றால் உணவுக்கு இந்தச் சிகிச்சையில் பெரிய வேலை இருக்கிறது. கட்டியைக் கரைப்பது அதன் வேலை அல்ல. சிகிச்சையை இடையில் நிற்காமல் முடிக்கும் பலத்தை அம்மாவுக்குக் கொடுப்பதே அதன் வேலை. கீமோவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்போம், ரத்தம் பார்ப்போம். பெரும்பாலான மருந்துகளின் அளவே உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. எடை சரிந்து, வெள்ளை அணுக்கள் குறைந்து வந்தால் மருந்தைக் குறைக்கவோ, தேதியைத் தள்ளவோ வேண்டியிருக்கும். சாறு மட்டும் குடித்தவர்களிடம் இதைப் பார்க்கிறோம்: கையில் போட்ட வளையல் முழங்கை வரை நழுவும், நாற்காலியிலிருந்து எழவே தாங்கிப்பிடிக்க ஆள் வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். அம்மா 60 கிலோ என்றால் நாளுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் அதே அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம். மாமா நிறுத்தச் சொல்லும் பட்டியலில்தான் அம்மாவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. பால் குடித்தால் மார்பகப் புற்றுநோய் வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சைவம் என்றால் பருப்பைக் கெட்டியாகக் கடையுங்கள். சுண்டல், பனீர், தயிர், பொட்டுக்கடலைச் சட்னி, வேர்க்கடலை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாய்ப்புண் வந்தால் காரத்தையும் புளியையும் நிறுத்திவிட்டு, குழைத்த தயிர்சாதம், ஆறிய கேழ்வரகுக் கூழ், நீர் மோர் கொடுங்கள். குமட்டல் வரும் நாட்களில் தாளிப்பு வாசனையே ஆகாது. சமையலறையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள், உணவை ஆறவைத்துக் கொடுங்கள். கீமோ நாட்களில் கடையில் பிழிந்த பழச்சாறு, கொதிக்கவைக்காத தண்ணீர், சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறிகள் வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமியும் ஆபத்தாகும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

சமையலில் சேரும் மஞ்சள், இஞ்சி, பூண்டு பற்றிக் கவலை வேண்டாம். அவற்றின் சத்து என்று விற்கும் மாத்திரைகள், கஷாயங்கள், பற்பங்கள் வேறு. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பதிவுகள் உண்டு. சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ எடுக்க அம்மா விரும்பினால், அந்தப் பாட்டிலையே கொண்டுவந்து புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒளித்துவைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து. பிரார்த்தனை, யோகா, தினசரி நடை எல்லாம் தாராளமாகச் சிகிச்சையோடு சேரட்டும். சிகிச்சையின் இடத்தை மட்டும் எதுவும் பிடிக்கக் கூடாது.

அம்மாவோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எதைக் கண்டு பயப்படுகிறார் என்று கேளுங்கள். முடி கொட்டுவதா? கீமோ முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். வாந்தியா? முன்பைவிட இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. பணமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் அடங்கும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. உடம்பு அம்மாவுடையது, முடிவும் அவருடையதே. ஆனால் அந்த முடிவை அரைகுறைத் தகவலோடு அவர் எடுக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமாவையும் அழைத்துப் போங்கள். மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: அம்மாவின் கட்டி ஹார்மோன் சார்ந்ததா, ஹெர்2 வகையா? கீமோ கட்டாயம் தேவையா, அதனால் எவ்வளவு பலன்? ஆபரேஷனை முதலில் வைத்துக்கொள்ள முடியுமா? சிலருக்குக் கீமோ இல்லாமலே ஹார்மோன் மாத்திரையும் ஆபரேஷனும் போதும். அம்மா அந்த வகையா என்பதைப் பயாப்ஸி அறிக்கை சொல்லும். அம்மாவின் முழுப் பயமும் கீமோ மீதுதான் என்றால், எல்லாச் சிகிச்சையையும் உதறுவதற்கு முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்; எந்த நல்ல மருத்துவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் இந்த வாரமே செய்யுங்கள். மாமாவின் அக்கறைக்கும் வேலை இருக்கிறது: கீமோ நாட்களில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.