தும்மலும் சிறுநீரகமும்

கேள்வி: தும்மலுக்குக் காரணமான ஹிஸ்டமினுக்கும் நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. 1910-இல் விஞ்ஞானிகள் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் விவரித்த இந்த இரசாயனம், உயிரணுக்களின்மேல் பூட்டுகளைப் போல் அமைந்த நால்வகை ஏற்பிகளில் எதைத் திறக்கிறதோ அதற்கேற்பவே தும்மலையோ இரைப்பை அமிலத்தையோ வேறு காரியங்களையோ விளைவிக்கிறது. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் சூட்சும வடிகட்டிகள் உள்ளன. அவற்றிலுள்ள முதல் வகை ஏற்பி தூண்டப்பட்டால் வடிகட்டியின் கட்டுக்கோப்பு தளர்ந்து, இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசிய ஏதுவாகும் என்பது ஆய்வாளர் கருத்து. நான்காம் வகையோ, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் சிறுநீரக நுண்குழாய்களில் மிகுந்து காணப்பட்டது. அதைத் தடுக்கும் மருந்தைப் பெற்ற நீரிழிவுச் சுண்டெலிகளிடம் புரதக் கசிவும் குறைந்தது.

ஆயினும், எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்கும் பலிக்கும் என்ற நியதி இல்லை. மேலும், சுண்டெலிகளுக்குப் பலித்தது நான்காம் ஏற்பியைத் தடுக்கும் மருந்து; கடையில் விற்கும் தும்மல் மாத்திரையோ முதல் ஏற்பிக்கென்றே ஏற்பட்டது. ஆகையால் அதைச் சிறுநீரக ஔஷதமாகப் பாவித்து விழுங்காமல், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து, ஆண்டுதோறும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பரிசோதித்துக்கொள்வதே விவேகம்.