வேலைக்காரரா, பிள்ளைகளா?
கலாத்தியர் திருமுகம் கற்பிக்கும் விடுதலை

சில ஆண்டுகளுக்கு முன் விவசாயக் கிராமம் ஒன்றில் மகளிர் சேமிப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பிக்க நாம் துணைநின்றோம். அதன் யாப்பை எழுதிக் கொடுத்தவர்களும் நாமே. அறிவித்தல் இன்றித் தொடர்ந்து மூன்று வாராந்தக் கூட்டங்களுக்கு வராதவர் சுழற்சிக் கடனில் தமக்குரிய முறையை இழப்பார் என்பது அதில் ஒரு பிரிவு. ஒழுங்கில்லாத சங்கம் நிலைக்காது என்று எண்ணியே அப்படி எழுதினோம். அந்த எண்ணம் தவறானது என்று இன்றும் நாம் சொல்லமாட்டோம்.

காலபோக விதைப்புக்குச் சற்று முன் கடன் பகிரும் நாள் வந்தது. செயலாளர் வரவு இடாப்பை வாசித்தார். ஓர் உறுப்பினரின் பெயருக்கு எதிரே மூன்று வெற்றிடங்கள் இருந்தன. பிரிவின்படி அவருடைய முறை அடுத்தவருக்குப் போயிற்று. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. நாமும் தலையசைத்தோம்.

கூட்டம் கலைந்த பின் அந்தத் தாய் எம்மிடம் வந்தார். இறந்துபோன தங்கையின் மகனைத் தம் பிள்ளைகளோடு ஒருவனாக வளர்த்து வருபவர் அவர். அந்தச் சிறுவன் காய்ச்சலோடு வைத்தியசாலையில் இருந்த வாரங்களில்தான் அந்த மூன்று கூட்டங்களும் நடந்திருந்தன. “சட்டத்தை நான் பிழை சொல்லேல்லை, பாதர். ஆனா ஏன் வரேல்லை எண்டு ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. நானும் இந்தச் சங்கத்துப் பிள்ளை எண்டெல்லோ நினைச்சிருந்தனான்” என்றார்.

அன்றிரவு எமக்குக் கலாத்தியர் திருமுகம் நினைவுக்கு வந்தது. பலமுறை கற்பித்த அந்தத் திருமுகத்தை இம்முறை எம்மையே குற்றஞ்சாட்டும் கடிதமாக வாசித்தோம். அந்த வாசிப்பை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கலாத்தியாவில் எழுந்த கேள்வி

கலாத்தியா என்பது இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் இருந்த உரோமை மாகாணம். இன்றைய அங்காரா நகரமே அதன் தலைநகராக விளங்கியது. அங்குள்ள திருச்சபைகளுக்குப் பவுலடியார் இத்திருமுகத்தை எழுதியது கி.பி. 50ஐ அண்டிய ஆண்டுகளில். அங்கு கிறிஸ்தவர்களானோரில் பெரும்பாலானோர் யூதர் அல்லர். அவர்கள் நற்செய்தியைக் கேட்டு, நம்பி, திருமுழுக்குப் பெற்றவர்கள்.

பவுலடியார் அவ்விடம் விட்டுச் சென்றபின் வேறு போதகர்கள் வந்தனர். “நீங்கள் நம்பியது நல்லதே. ஆயினும் அது போதாது. விருத்தசேதனம் செய்துகொள்ளுங்கள், குறித்த நாட்களையும் காலங்களையும் கைக்கொள்ளுங்கள், அப்போதுதான் நீங்கள் முழுமையான இறைமக்கள்” என்பது அவர்களின் போதனையின் சாரம். அவர்களைத் தீயவர்கள் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. ஒழுங்கை நேசித்தவர்களாகவும் இருந்திருக்கலாம், யாப்பு எழுதிய எம்மைப்போல.

பவுலடியாரின் மறுமொழி மிகக் கடுமையானது. ஏனென்று அறிய, அந்தியோக்கியாவில் நடந்ததாக அவரே கூறும் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும் (கலா 2:11-14). பேதுரு அங்கு யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உணவருந்தி வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். மற்றவர்களும் அவரைப் பின்பற்றினர். பவுலடியார் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். ஆக, வேதசாத்திரத் தர்க்கம் போலத் தோன்றும் இப்பிரச்சினை உண்மையில் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் வெடித்தது. யார் யாரோடு அமரலாம், யார் உள்ளே, யார் வெளியே என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி எமது ஊர்களுக்கும் புதியதன்று. ஆலயத்தில் ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்கள், வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் குவளையை வேறாக வைத்த வழக்கத்தை எமது முதியோர் அறிவார்கள். அதுவும் எழுதாத ஒரு சட்டமே.

திருச்சட்டம் கெட்டதா?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது. யூதர் சட்டத்தின் மக்கள், கிறிஸ்தவர் அன்பின் மக்கள் என்று பிரித்துப் பேசுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. யூத மரபு திருச்சட்டத்தில் 613 கட்டளைகளைக் கணக்கிடுகிறது. அம்மரபினர் அவற்றைச் சுமையாக அல்ல, இறைவனின் கொடையாகவே போற்றுகின்றனர். 176 வசனங்கள் கொண்ட 119ஆம் திருப்பாடல் முழுவதும் திருச்சட்டத்தின் மீது கொண்ட மகிழ்ச்சியைப் பாடுவது.

விடுதலைப் பயண நூலின் ஒழுங்கையும் கவனியுங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்கள் முதலில் மீட்கப்படுகின்றனர். அதன் பின்னரே சீனாய் மலையில் கட்டளைகள் தரப்படுகின்றன. கட்டளைகளைக் கைக்கொண்டதற்குக் கூலியாக விடுதலை கிடைக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் விடுதலையோடு வாழ்வதற்கு வழியாகவே கட்டளைகள் வந்தன.

பவுலடியாரும் திருச்சட்டத்தை இகழவில்லை. அதனை அவர் ‘பைதகோகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார் (கலா 3:24-25). வசதியுள்ள வீடுகளில் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வழியில் காத்து, நடத்தையைக் கண்டித்துத் திருத்தும் பணியாளனுக்கு அப்பெயர். அவனுடைய வேலை தேவையானது. ஆனால் அவன் தந்தை அல்லன். பிள்ளை வளர்ந்தபின் அவனுடைய அதிகாரம் முடிந்துவிடும். சட்டத்தை வீட்டுக்குள் நுழைவதற்கான விலையாக்கி, அதைத் தந்தையின் ஆசனத்தில் அமர்த்தும்போதுதான் தவறு தொடங்குகிறது.

மகவேற்பு என்னும் கொடை

இதற்கு விடையாகப் பவுலடியார் முன்வைக்கும் சொல் ‘மகவேற்பு’. இப்பொருள் தரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில் வருகிறது. ஐந்தும் பவுலின் பெயரால் அமைந்த திருமுகங்களிலேயே உள்ளன (கலா 4:5, உரோ 8:15, 8:23, 9:4, எபே 1:5). இது உரோமைச் சட்டம் நன்கறிந்த ஒரு வழக்கம். சுவீகாரம் பெற்றவர் பழைய குடும்பத் தலைவரின் அதிகாரத்திலிருந்து நீங்கினார். புதிய தந்தையின் பெயரும் குடும்ப வழிபாடும் உரிமைச் சொத்தும் அவருடையவை ஆயின. பெரும்பாலும் சுவீகரிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்லர், வளர்ந்த ஆண்களே. லூக்கா நற்செய்தியில் நாம் சந்திக்கும் சீசர்கள் இருவருமே இவ்வாறு வந்தவர்கள். அகுஸ்து, யூலியு சீசரின் மரணசாசனத்தின் வழியாகக் கி.மு. 44இல் மகனாக ஏற்கப்பட்டார். திபேரியுவை அகுஸ்து கி.பி. 4இல் மகனாக ஏற்றபோது அவருக்கு வயது 44. உலகின் மிகப் பெரிய அரியணைக்கே சுவீகார புத்திரர் வரமுடியும் என்பதை அன்றைய மக்கள் கண்ணாரக் கண்டிருந்தனர்.

எமது மண்ணும் இதை அறியும். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், எழுத்தில் வடிக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமைத் தொகுப்பில் மகவேற்பு பற்றிய பகுதி உண்டு. உறவினரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்கும் சடங்கை அது கூறுகிறது. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். ஒரே வளவுக்குள் பிள்ளையும் அடிமையும் வாழ்ந்த காலத்தில், அவர்களிடையே இருந்த வேறுபாட்டை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டமும் ஏற்கப்பட்ட பிள்ளையைப் பெற்ற பிள்ளையின் நிலையில் வைக்கிறது.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாம் சில நாட்களின் பின் போனோம். நாம் பேசிக்கொண்டிருக்கையில் அந்தச் சிறுவன் பள்ளிக்கூடத்தால் வந்தான். நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தான். ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூலிக்கு வந்தவர் எவ்வளவு பசித்தாலும் விறாந்தையில் காத்திருப்பார், ஆளனுப்பிக் கூப்பிட்டால்தான் எழுவார். பிள்ளை அப்படியன்று. ‘அப்பா’ என்று கூப்பிடும் ஆவியைக் கடவுள் எமது உள்ளங்களுக்குள் அனுப்பியிருக்கிறார் என்று பவுலடியார் சொல்வதன் பொருள் (கலா 4:6) அந்த அடுப்படியில் எமக்கு விளங்கிற்று. பிள்ளை தன் நடத்தையால் இடத்தைச் சம்பாதிப்பதில்லை. இடம் கிடைத்ததால் நடத்தையைக் கற்றுக்கொள்கிறது.

இந்த உரிமை ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக் குடிமகன், ஆண், பெண் என்ற பிரிவுகள் கிறிஸ்துவுக்குள் இல்லையென்று கூறிவிட்டே (கலா 3:28) அவர் உரிமைப்பேறு பற்றிப் பேசுகிறார். மகளும் வாரிசே.

சுதந்திரம் என்ற சாட்டு

மறுபக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எமது கருத்தமர்வு ஒன்றில் இதே பகுதியை விளக்கியபோது ஒருவர் எழுந்து, “அப்படியென்றால் எதற்கு இடாப்பு, எதற்குக் கணக்கு? நாம் எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள்தானே” என்றார். சபையில் சிரிப்பொலி எழுந்தது. அவர் வாங்கிய கடன் நீண்ட காலமாக நிலுவையில் இருந்ததை எல்லாரும் அறிவார்கள்.

பவுலடியார் இதையும் எதிர்பார்த்தவர். சுதந்திரத்தைத் தன்னலத்துக்கு வாய்ப்பாக்க வேண்டாம், அன்பினால் ஒருவருக்கொருவர் பணியாளராக இருங்கள் என்று அறிவுறுத்துகிறார் (கலா 5:13). ஒருவர் மற்றவருடைய பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பார். மூன்று வசனங்கள் கழித்து, அவரவர் தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்பார் (கலா 6:2,5). இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு சங்கம் நிலைக்கிறது. பங்கிட முடியாத துன்பத்தில் இருப்பவரை மற்றவர்கள் தாங்க வேண்டும். தாங்கக்கூடிய கடமையை ஒருவர் மற்றவர் தலையில் போடலாகாது. தன் கடனைக் கட்டாதவர் பறிப்பது இன்னொரு பிள்ளையின் சோற்றை.

விடுதலை பெற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. எருசலேமிலிருந்த ஏழைக் கிறிஸ்தவர்களுக்காகப் பவுலடியார் நிதி திரட்டினார். வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் தம் வருவாய்க்கேற்ப ஒரு தொகையைச் சேமித்து வைக்கும்படி கொரிந்தியரிடம் கூறுகிறார். கலாத்தியத் திருச்சபைகளுக்கும் இதையே பணித்ததாகக் குறிப்பிடுகிறார் (1 கொரி 16:1-2). எருசலேம் திருச்சட்டத்தைப் பேணிய யூதக் கிறிஸ்தவர்களின் நகரம். சட்டத்தின் பெயரால் யாரை வெளியே நிறுத்தப் பார்த்தார்களோ, அவர்களே அந்த நகரத்து ஏழைகளுக்காக வாராவாரம் சேமிக்கும்படி கேட்கப்பட்டார்கள். இதுவே பிள்ளைகளின் சுதந்திரம்.

சங்கத்தில் பின்னர் நடந்தது

அடுத்த கூட்டத்தில் எமது தவற்றை நாம் வெளிப்படையாகச் சொன்னோம். யாப்பைத் தூக்கியெறிய வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாயும் கேட்கவில்லை. நீண்ட பேச்சின் பின் அப்பிரிவோடு ஒரு வரியைச் சேர்த்தார்கள்: ஒருவர் இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால், மூன்றாவது கூட்டத்துக்கு முன் இரு உறுப்பினர்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். இடாப்பு இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது. ஆனால் இப்போது அந்த வெற்றிடம் ஒருவரைத் தேடிப் போகச் சொல்கிறது.

கடன் முறையைப் பெற்றிருந்த பெண் தம் தொகையில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அதை எந்தப் பிரிவும் கட்டளையிடவில்லை. அந்தத் தாய் பயறு விதைத்தார். விதைப்புப் பிந்தியதால் விளைச்சல் குறைவு. எமது தலையசைப்பின் விலையை அவரே கொடுத்தார் என்பதை நாம் மறக்கவில்லை.

அன்பியங்களிலும் சங்கங்களிலும் கலந்துரையாட

1. கலா 4:1-7ஐ மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். எமது ஆலயத்தில், சங்கத்தில், வீட்டில் யார் இன்னும் ‘விறாந்தையில்’ காத்திருக்கிறார்கள்?

2. எமது சங்கத்தின் யாப்பில் எந்தப் பிரிவு உறுப்பினர்களைக் காக்கிறது? எது அவர்களை வெளியே தள்ளுகிறது? அதற்கு என்ன ஒரு வரியைச் சேர்க்கலாம்?

3. ‘நாம் கடவுளின் பிள்ளைகள்’ என்பதைச் சாட்டாகக் கொண்டு நாம் தட்டிக்கழித்த கடமை எது?

4. கடந்த மூன்று கூட்டங்களுக்கு வராதவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போகும் இருவர் யார் என்பதைக் கூட்டம் முடியுமுன் தீர்மானியுங்கள்.