ஒரு வீட்டில் இரு குடித்தனம்

நம் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோசும் உபுண்டுவும் சேர்ந்து குடியிருக்கின்றன. விண்டோஸ் பழுதுபட்டது, உபுண்டுவிலோ அக்காளின் ஆய்வேடு! என் செய்வோம்?

முதலில் ஆய்வேட்டை வெளி வட்டில் படியெடுத்து, அங்கே அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். பின்னர் விண்டோசை நிறுவும்போது, அது முன்பு இருந்த பகுதியை மட்டும் அழிப்போம். உபுண்டுவின் பகுதி அங்கே பெயரின்றித்தான் தோன்றும். ஆகவே எல்லாப் பகுதிகளின் அளவையும் முன்னரே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அருகில் 100 மெகாபைட் அளவில் சிறு பகுதி ஒன்று இருக்கலாம். சிறியதுதானே என்று அதன்மேல் கை வைக்கலாகாது. இரண்டையும் எழுப்பிவிடும் நிரல்கள் அதில்தான் உறைகின்றன.

நிறுவி முடிந்ததும் பெரும்பாலும் விண்டோசே நேராகத் திறக்கும். உபுண்டு போயிற்றென்று அழ வேண்டா. யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்பில், துவக்க வரிசையில் ‘உபுண்டு’வை முதலிடத்திற்கு ஏற்றினால் பழைய பட்டியல் திரும்பும்.