மறைக்குறியோடு வந்த பெறுபேறு

எனது உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்த வாப்பா முதலில் கேட்டது, "மகள், எண்ணுக்கு முன்னால கிடக்கிற கோடு என்ன?" என்பதுதான். உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தி. இசட் புள்ளியோ மறை 0.2. கடைக்கணக்கு எழுதிப் பழகிய வாப்பாவுக்கு அது கடனாகத் தெரிந்தது. எனக்கும் விளக்கத் தெரியவில்லை, அழுதேன். இன்று பெற்றோர் பலர் அதே கேள்வியோடு என்னிடம் வருவதால், அன்று சொல்லத் தெரியாததை எழுதுகிறேன்.

ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவதே இசட் புள்ளி. இரசாயனவியலில் உங்களுக்கு 48, சராசரி 54, நியம விலகல் 12 என்று வைத்துக்கொள்வோம். 48 இலிருந்து 54ஐக் கழிக்க மறை 6. அதனை 12ஆல் வகுக்க மறை 0.5. ஏனைய இரு பாடங்களிலும் 0.3, மறை 0.4 என வந்தால், மூன்றினதும் சராசரி மறை 0.2. கடனுமில்லை, சித்தியின்மையுமில்லை. சராசரிக்குச் சற்றுக் கீழே நிற்கிறோம், அவ்வளவுதான். கடினமான பாடத்தின் 48ஐயும் இலகுவான பாடத்தின் 48ஐயும் ஒன்றாக எண்ணக்கூடாது என்றே 2001இல் இம்முறை வந்தது.

அதற்காக வாய்ப்பு அதிகம் என்று பூசி மெழுக மாட்டேன். கலைப்பிரிவில் அனேகமான கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை ஒன்றே அளவுகோல். அங்கே மறைப் பெறுமானத்தோடு இடம் எதிர்பார்ப்பது வீண். விஞ்ஞான, வர்த்தகப் பிரிவுகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. ஆகவே கொழும்பில் போதாத புள்ளி முல்லைத்தீவில் போதலாம். எங்கள் கண்டி அந்தப் பதினாறில் இல்லை.

நான் விட்ட பிழை வேறு. முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே அனுப்பவில்லை. வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவ்வாண்டுக்குரியது வெளிவருவதோ விண்ணப்பம் முடிந்த பிறகு. பிள்ளைகளே, விரும்பும் வரிசையிலேயே தெரிவுகளை எழுதுங்கள். எட்டாத ஒன்றை முதலில் எழுதுவதால் கீழே உள்ளதன் வாய்ப்புக் குறையாது. மொழிபெயர்ப்பு, கட்டடக்கலை போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் இரண்டாம் தடவையும் எழுதினேன்; போதவில்லை. பிறகு திறந்த பல்கலைக்கழகம். விஞ்ஞானமாணிப் பட்டத்துக்கு அங்கே மூன்று பாடச் சித்தியைக் கேட்டார்கள், இசட் புள்ளியைக் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறிப் பொல்கொல்லை நிலையத்துக்குப் போவேன். கட்டணம் கட்டவேண்டியிருந்தது, உம்மாவின் சீட்டுக்காசு அதற்கே போனது. கூடப் படித்தவர்களை விடப் பிந்தித்தான் பட்டம் கிடைத்தது.

வாப்பா இப்போது கடைக்கு வரும் பெற்றோருக்குத் தானே விளக்கம் கொடுக்கிறார். நியம விலகல் வரும் இடத்தில் மட்டும் எனக்குக் கோல் எடுப்பார்.